மானிப்பாய்

மானிப்பாய், யாழ்ப்பாண நகரிலிருந்து காரைநகர் செல்லும் வீதியில், குடாநாட்டின் வலிகாமம் பகுதியில் அமைந்து, சைவமும் அமெரிக்க மிசன் வழிவந்த சீர்திருத்தக் கிறித்தவமும் அருகருகே வேரூன்றிய சிறுநகரமாகும். இங்குள்ள மருதடி விநாயகர் கோயிலின் தேர்த்திருவிழா சித்திரைப் புத்தாண்டு நாளில் நடைபெறுகிறது. மிசனின் அச்சகம் இவ்வூரில் இயங்கியமையால், 1842இல் வெளிவந்த, 58,000இற்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி, ‘மானிப்பாய் அகராதி’ எனவும் வழங்கலாயிற்று.

1847இல் இலங்கைக்கு வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், இங்கு மருத்துவமனை நிறுவியதோடு நில்லாது, 1864 முதல் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அறுவைச் சிகிச்சை பற்றிய ‘இரண வைத்தியம்’ உள்ளிட்ட நூல்களையும் மாணவர் துணையுடன் தமிழாக்கினார். நோயாளியின் மொழியிலேயே மருத்துவரும் பயில வேண்டும் என்னும் இக்கொள்கை, மதம் பரப்பும் நோக்கத்தையும் கடந்து நிலைத்த பணி எனல் தகும். மிசன் கல்விக்கு மாற்றாகச் சைவர் எழுப்பிய பாடசாலைகளின் வரிசையில் மானிப்பாய் இந்துக் கல்லூரி 1910இல் தோன்றியது. கிறீன் தொடங்கிய மருத்துவமனை அவரது நினைவுப் பெயருடன் இன்றும் இயங்குகிறது.