தோட்டப் பள்ளியும் பிறமொழி அச்சமும்

கெடாவில் தோட்டப் பள்ளிகள் கல்விக் காதலால் எழுந்தவை அல்ல. கூட்டு மலாய் நாடுகளில் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் 10 பேர் இருப்பின் தோட்டத்தில் பள்ளி வைத்தல் வேண்டும் என்றது. கெடா அக்கூட்டிற் சேராத நாடு. ஆயினும் இங்கும் பள்ளி அதே சாயலில்தான் அமைந்தது. லயத்தருகே ஒரு கொட்டகை. பல வகுப்புக்கும் ஓர் உபாத்தியாயர். அவரும் சிலவிடங்களிற் கங்காணி, சிலவிடங்களிற் கிராணி.

தமக்குத் தெரிந்த தமிழே பிள்ளைக்குப் போதும் என்று அவருட் பலர் எண்ணினர். பிள்ளையோ சீனர் கடையில் மலாய் பேசிச் சாமான் வாங்கி வந்தது. அம்மலாயைக் கொச்சையென்று வாசலிலேயே நிறுத்தினார்கள். துரைமார்க்கும் இஃது உவப்பே. ஆங்கிலமறிந்த பிள்ளை பால்மரம் வெட்ட வருமோ?

1951-இல் பார்ன்ஸ் குழு, மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப் பள்ளியே போதும் என்றது. நம்மவர் கொதித்தெழுந்தது நியாயமே. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையால் தொடக்கப் பள்ளியில் தமிழ் பயிற்றுமொழியாய் நிலைத்தது; மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்களாயின. சட்டம் மும்மொழியாயிற்று, ஆசிரியர் மனமோ அவ்வளவு விரைவில் மாறவில்லை.

அடுத்த அடி இடைநிலைப் பள்ளியில் விழுந்தது. சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் சென்ற தோட்டத்துப் பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர்த்தப்பட்டார்கள். மலாயில் தேறியோர்க்கு விலக்களித்தது பிற்காலத்தில். ஆறாண்டு கற்ற கணக்கும் பூகோளமும் தமிழில் இருந்தமையால், அறியாமையாகவே எண்ணப்பட்டன. தோட்டத்து உபாத்தியாயர் மலாயைத் தள்ளினார். பட்டணத்து ஆசிரியர் தமிழைத் தள்ளினார். இருவரும் ஒரே கொள்கையினர் என்பதே நம் துணிபு. ஒரு மொழி புகுந்தால் மற்றொன்று வெளியேறிவிடும் என்பது அக்கொள்கை. 2003-இல் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்துக்கு மாற்றப்பட்டதும், 2009-இல் அதனைக் கைவிட முடிவு செய்ததும் இதே மயக்கத்தின் இரு முகங்கள்.

ஒரு கணக்குப் பாடத்தையே பாருங்கள். ‘பின்னம்’ என்பது உடைந்தது எனப் பொருள்படும் வடசொல். மலாயில் அது ‘பெச்சஹான்’. ‘பெச்சா’ என்றாலும் உடைதலே. ஆங்கில ‘ஃபிராக்ஷன்’ என்பதும் உடைத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிற் பிறந்தது. ஒரு தேங்காயை உடைத்துக் காட்டி இம்மூன்றையும் கரும்பலகையில் எழுத ஐந்து நிமிடம் போதும். அதற்கு ஆசிரியர் மூன்று மொழியிலும் பண்டிதராக வேண்டுவதில்லை. கடைத்தெரு மலாயைப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளலாம்.