பிரியும் கலமும் அதன் கடிவாளமும்

கலங்கள் எங்ஙனம் தோன்றுகின்றன? உப்புநீரிற் பளிங்கு விளைவதுபோல, வடிவமற்ற ஒரு பாயத்தினின்றும் அவை விளைகின்றன என்று 1839 இல் தியோடோர் சுவான் கருதினார். அறிஞர் பலரும் அவ்வாறே நம்பினர். பேர்லினில் ஆராய்ச்சி நடத்திய றொபேட் றேமாக் என்பாரோ, கோழி முளையத்தின் குருதிக் கலங்கள் ஒன்று இரண்டாகப் பிரிவதை 1841 இல் நுணுக்குக்காட்டியிற் கண்டார். ஒருமுறை கண்டதோடு அமையாது பல்லாண்டு நோக்கி, கலத்தினின்றே கலம் தோன்றும் என 1852 இல் துணிந்துரைத்தார். அவர் யூதர், மதம் மாற மறுத்தவர். ஆதலின், பிரசிய நாட்டில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்கு இறுதிவரை கிட்டவில்லை. 1855 இல் ருடோல்ப் விர்ச்சோ அதே கொள்கையை முழங்கினார். றேமாக்கிற்குரிய பெருமையை அவர் வழங்கினாரல்லர். உலகமும் விர்ச்சோவையே போற்றிற்று. கண்டவர் ஒருவர், பெயர் பெற்றவர் மற்றொருவர். அறிவியல் வரலாற்றில் இது புதுமையன்று.

கலம் பிரியும் விதத்தை வால்தர் பிளெமிங் விளக்கினார். சலமந்தர் என்னும் ஈரூடகவாழியின் குடம்பிகளிற் சாயமேற்றி, கருவிலுள்ள இழைகள் நீளவாக்கிற் பிளந்து இருபாலும் செல்வதை அவர் கண்டு, 1882 இல் நூலாக வெளியிட்டார்.

எங்ஙனம் பிரிகின்றது என்பது தெரிந்தது. எப்பொழுது பிரியவேண்டும் என்று கலத்துக்கு உணர்த்துவது யாது? இவ்வினாவுக்கு விடை காண மேலும் நூறாண்டு சென்றது.

1982 இல், அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையத்தில், ரிம் ஹண்ட் என்னும் ஆங்கிலேயர், முட்போர்வை பூண்ட கடல் முள்ளெலியின் கருக்கட்டிய முட்டைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் நாடியது கலப்பிரிவை அன்று. முட்டையிற் புரதம் ஆக்கப்படும் முறையையே. ஏனைய புரதங்கள் நேரத்தோடு பெருகிவர, ஒன்று மட்டும் பெருகிப் பெருகி, முட்டை பிரியும் வேளையில் திடீரென மறைந்தது, மீண்டும் தோன்றியது, மீண்டும் மறைந்தது. அதற்குச் சைக்கிளின் எனப் பெயரிட்டார்.

இப்புரதம் தனித்து இயங்குவதன்று. அதனோடு இணைந்து பிரிவை முடுக்கும் நொதியமொன்று உண்டு. அதற்குரிய பரம்பரையலகை மதுவத்திற் கண்டறிந்த போல் நேர்ஸ், அதையொத்த மனிதப் பரம்பரையலகை 1987 இல் இனங்கண்டார். அவ்வலகு பழுதுற்றுப் பிரிய இயலாதிருந்த மதுவக் கலத்தினுள் மனிதருடையதைப் புகுத்தியபோது, அது மீண்டும் பிரியத் தொடங்கிற்று! மாவைப் பொங்கச் செய்யும் மதுவத்தை ஆராய்ந்த லீலண்ட் ஹாட்வெல், பாரம்பரியப் பொருள் சிதைவுற்றால் அது சீராகும்வரை கலம் பிரியாது தரித்துநிற்பதைக் காட்டினார். மூவருக்கும் 2001 இல் நோபல் பரிசு கிடைத்தது.

இத்தடைகள் பழுதுபட்ட கலமே கட்டின்றிப் பெருகிப் புற்றுநோயாகின்றது. இவ்வகை நொதியங்கள் இரண்டைத் தடுத்து, கலம் பிரியாது நிறுத்தும் மருந்தொன்று, மார்புப் புற்றுநோய்க்கென 2015 இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.