வோல்டேஜுக்கு ஸ்வரம் கிடையாது

மின்னணு இசையின் வரலாறு என்றதும் நம்மாட்கள் சினிமாவில்தான் தொடங்குவார்கள். அந்தக் கதையாடலுக்கு வெளியே ஓர் ஆண்டு இருக்கிறது: 1969. அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர், அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மோக் சிந்தசைசரை நிறுவினார். 1946இல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்த கீதா சாராபாய் அதன் பின்னணியில் இருந்தவர். அவரோடு ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அதில் இசையமைத்தார்கள். 1972க்குப் பிறகு அந்த இசை மறக்கப்பட்டது. ஆவணக்காப்பகத்தில் கிடந்த ஒலிநாடாக்களை பால் பர்கஸ் தேடியெடுத்து, அவை 2023இல் தொகுப்பாக வெளிவந்தன.

ஏன் தொடர்ச்சி இல்லை? இயந்திரம் வந்தது, அதைக் கட்டுகிற அறிவு நிறுவனத்தின் மதிலைத் தாண்டவில்லை என்பதே என் வாசிப்பு.

இத்தனைக்கும் அந்த இயந்திரம் பிரித்துச் சேர்க்கவே பிறந்தது. ஒரு பெட்டி ஒலியைப் பிறப்பிக்கும், இன்னொன்று வடிகட்டும், மூன்றாவது கூட்டிக்குறைக்கும். எதை எதோடு இணைப்பது என்பது வயரைக் கையில் வைத்திருப்பவர் முடிவு. ராபர்ட் மோக் வைத்த வழக்கப்படி, ஒரு வோல்ட் கூடினால் சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டாக அறுப்பது கீபோர்டு. மின்சாரத்துக்கு அப்படியொரு விதி கிடையாது. அதே அறுபதுகளில் கலிபோர்னியாவில் டான் புக்லா, பியானோக் கட்டைகளே வேண்டாமென்று தொடுதகடுகளை வைத்தார். கமகம் இந்த இயந்திரத்துக்கு அந்நியமல்ல. அந்நியமாக்கியது கட்டைதான்.

மோக்கும் சிறுவயதில் தெரமின் கட்டிப் பழகியவர். 1972இல் பெர்னி ஹட்சின்ஸ் அமெரிக்காவின் இத்தாக்காவிலிருந்து ‘எலக்ட்ரோநோட்ஸ்’ என்ற செய்திமடலைத் தொடங்கி, சர்க்யூட்டுகளையும் அவற்றின் கணக்கையும் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார். சிறுபத்திரிகை நடத்துபவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. மோக்கின் ஏணி ஃபில்டருக்கு 1969இல் கிடைத்த காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. யாரும் கட்டலாம்.

ஆறுமுகநேரியில் இருந்துகொண்டு ஒருவர் திட்டம் போடுகிறார் என்று வையுங்கள். அந்தப் பழைய மோக்கை அப்படியே நகலெடுக்க வேண்டாம். இரண்டு ஆசிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒலியைக் கூட்டிக்குறைக்க ஒரு சர்க்யூட், நல்ல பவர் சப்ளை போதும். உப்பளக் காற்றில் ஜாக்குகள் களிம்பேறும், அதற்கொரு மூடி வேண்டும். கட்டைக்குப் பதில் விரலை இழுத்து வாசிக்கும் பட்டை. இதுவரை டெக்னிக்கல் விஷயம்.

இதற்கு மேல்தான் சிக்கல். ‘நாமே செய்தால் விடுதலை’ என்பதும் சுலபமான சொல்லாடல்தான். 1979இல் பெங்களூரில் புல்லாங்குழல் வாசிக்கிற பொறியாளர் ஜி. ராஜ்நாராயண் ரேடல் நிறுவனத்தைத் தொடங்கி மின்னணுச் சுருதிப்பெட்டி செய்தார். அகமதாபாத் இயந்திரம் போலன்றி இது நம் இசைக்காரர்களின் தேவையிலிருந்து பிறந்தது, அதனாலேயே பரவியது. கச்சேரி மேடையில் பாடகருக்கு வசதி. நாகஸ்வர மேளத்திலோ, ஒத்து ஊதியவரின் இடத்தில் இந்த வகைப் பெட்டி வந்து உட்கார்ந்தது. மூச்சு விடாமல் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நின்றவர் அவர். பெயர் போடாத ஆள், பங்கில் கடைசி ஆள். பெட்டிக்குப் பங்கு தரவேண்டியதில்லை. கண்டுபிடிப்பாளருக்கு வரலாறு உண்டு, ஒத்துக்காரருக்கு இல்லை.

பெட்டியை எரிக்கச் சொல்லவில்லை. ஒத்துக்காரர் ஊதியது அசையாத ஸ்வரமும் அல்ல. மூச்சில், சீவாளியில், ஈரத்தில் நுண்மையாக அசைந்துகொண்டிருந்தது. ஆசிலேட்டருக்கு அந்த அசைவைக் கற்றுத்தர அவர்களின் காது தேவை. மேளத்திலிருந்து கழன்றவர்கள் என்ன வேலைக்குப் போனார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதவேண்டும். சர்க்யூட் வரைகிற நண்பர்கள் அந்த வேலையையும் திட்டத்தில் சேர்க்கட்டும். சால்டரிங்கை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.