வரியை முறித்தது யார்?

கையால் எழுதுகிறவனுக்கு வரி நீண்டுவிட்டால் கவலையில்லை; அடுத்த வரிக்குப் போய்விடுவான். கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கோ இது பல பத்தாண்டுத் தலைவலி. ஓய்வுக்குப் பிறகு கணினியைக் கொஞ்சம் கற்றுக்கொண்டபோது இந்தச் சின்ன விஷயத்தின் வரலாறு என்னைப் பிடித்துக்கொண்டது.

1928-ல் ஐ.பி.எம். நிறுவனம் 80 பத்திகள் கொண்ட துளை அட்டையைக் கொண்டுவந்தது. அதற்கு முன் 45 பத்திகள்தான். அட்டையின் அளவை மாற்றாமல், வட்டத் துளைகளை ஒடுங்கிய நீள்சதுரத் துளைகளாக்கி நெருக்கிவிட்டார்கள். பத்திக்கு ஓர் எழுத்து. ஆக, அட்டைக்கு 80 எழுத்து.

1957-ல் வந்த ஃபோர்ட்ரான் மொழியில் ஓர் அட்டை என்பது ஒரு வரி. வாசகத்துக்கு 7 முதல் 72 வரையான பத்திகள். 73 முதல் 80 வரை கணினி கண்டுகொள்ளாது. அட்டைக்கட்டு கீழே விழுந்து கலைந்தால் மறுபடி அடுக்க, அங்கே வரிசை எண் போட்டுக்கொள்வார்கள். வாசகம் ஓர் அட்டையில் அடங்காவிட்டால், அடுத்த அட்டையின் 6-ஆம் பத்தியில் ஒரு குறி துளைக்க வேண்டும். ‘இது புது வரி அல்ல, முந்தியதன் தொடர்ச்சி’ என்று அதற்குப் பொருள்.

இதைப் படித்ததும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த கவிதைப் புத்தகங்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன. ஓர் அடி பக்கத்தின் அகலத்துக்குள் அடங்காவிட்டால், பிரெஞ்சு அச்சகத்தார் மிச்சச் சொல்லை அடுத்த வரியின் வலது ஓரத்துக்குத் தள்ளி, அதற்கு முன்னால் ஒரு சதுர அடைப்புக்குறியைத் திறந்து வைப்பார்கள். மூட மாட்டார்கள். அதைப் பார்த்தாலே மாணவனுக்கு விளங்கிவிடும்: இங்கே அடியை முறித்தவர் கவிஞர் அல்ல, காகிதம்தான் முறித்தது.

அட்டைகள் போய்த் திரைகள் வந்தன. 80 மட்டும் போகவில்லை. 1978-ல் வந்த வி.டி. 100 முனையத்தின் வழக்கமான அகலம் 80 எழுத்து. 2001-ல் எழுதப்பட்ட பைத்தான் நடை விதிகள் ஒரு வரிக்கு 79 எழுத்து என்கின்றன. லினக்ஸ் கருநிரலைச் சரிபார்க்கும் கருவி, 2020-ல்தான் தன் எச்சரிக்கை எல்லையை 80-லிருந்து 100-க்கு உயர்த்தியது.

வலைப்பக்கத்துக்கோ நிலையான அகலமே கிடையாது. மேசைக்கணினியில் அடங்கும் வரி கைபேசியில் அடங்காது. நிரல் விளக்கக் கையேடு எழுதுகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, வரியை அப்படியே விட்டு, பக்கவாட்டில் நகர்த்திப் படிக்க வைப்பது. நிரல் மாறாது, ஆனால் வால் மறைந்திருக்கும். எதை அழிக்க வேண்டும் என்பது கட்டளையின் முதல் பாதியிலும், எதை விட்டுவைக்க வேண்டும் என்பது மறைந்த பாதியிலும் இருந்தால் என்ன ஆகும்? காகிதத்தில் அச்சிட்டால் அந்த வால் அறுந்தே போகலாம்.

இரண்டாவது, திரையே வரியை மடித்துக் காட்டுவது. சி.எஸ்.எஸ். விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. முழுதும் கண்ணில் படும். நகலெடுத்தாலும் மடிப்பு கூட வராது. ஆனால் பைத்தான் போன்ற மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியே இலக்கணம். மடிந்து விழுந்த துண்டைப் புது வரி என்று நினைத்துவிட்டால் பொருளே கெட்டுவிடும்.

மூன்றாவது, எழுதுகிறவரே, மொழி அனுமதிக்கும் இடத்தில் முறிப்பது. பைத்தானில் அடைப்புக்குறிக்குள் தாராளமாக முறிக்கலாம். யூனிக்ஸ் கட்டளைகளில் வரிக் கடைசியில் ஒரு பின்சாய்கோடு போட வேண்டும். அதற்குப் பின் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தாலும் தொடர்ச்சி அறுந்து, முதல் பாதி தனிக் கட்டளையாக ஓடிவிடும்.

என்னைக் கேட்டால் மூன்றாவதே மேல். முறிக்கும் பொறுப்பைப் பொருள் தெரிந்தவர் ஏற்பதுதான் முறை. முடியாத இடத்தில், மடிப்பு என்று சொல்லும் ஒரு குறியாவது வேண்டும். பைத்தான் கையேடுகளுக்காக 2008-ல் வந்த ஸ்பிங்க்ஸ் என்ற கருவி, பி.டி.எஃப். தயாரிக்கும்போது மடிந்த வரிக்கு முன் ஒரு சிறு அம்புக்குறி போடுகிறது. பிரெஞ்சு அச்சகத்தாரின் அடைப்புக்குறிக்கு அது தூரத்து உறவு.

அலுவலகத்தில் ஓர் ஆணை இரண்டாம் பக்கத்துக்குப் போனால், முதல் பக்கத்தின் அடியில் ‘...2’ என்று தட்டச்சு செய்வோம். வாசிக்கிறவர் பாதி ஆணையை முழு ஆணையென்று நம்பி நடவடிக்கை எடுத்துவிடக் கூடாதல்லவா!