முதற் பட்டதாரியின் பாரம்

இன்று தர்மபுரி எனப்படும் தகடூர் என்றவுடன் நெல்லிக்கனியையும் ஔவையையும் அதியமானையும் நினைப்பது தமிழ் படித்தவர் வழக்கம். நான் சொல்லவந்த சரித்திரமோ அத்துணைப் பழமையுடையதன்று, அத்துணைப் புகழுடையதுமன்று. 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பிரதேசம் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியார் வசமானபோது, அதன் நிர்வாகத்தை ஏற்ற ரீடு துரைக்கு உதவியாளராக வந்து, தர்மபுரியிலே ஏழாண்டுக் காலம் தங்கி, நிலமளந்து, குடியானவனின் கொல்லையையும் கிணற்றையும் நேரிற் கண்டறிந்த தாமஸ் மன்றோ, பிற்காலத்தில் சென்னை மாகாணத்துக் கவர்னராகி, 1822-இல் மாகாணமெங்குமுள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கும்படி பணித்தார். 12,498 பள்ளிகள் என்றும் 1,88,650 மாணாக்கர் என்றும் அக்கணக்கு முடிந்தது. அவர் இளமையைக் கழித்த ஊரில் ஒரு கலாசாலை தோன்ற, அதற்குப் பின்னும் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு செல்லவேண்டியிருந்தது.

இடைக்காலத்தில் அப்பிரதேசத்தார்க்குக் கல்லூரிப் படிப்பென்பது ஊரை விட்டுப் போவதாகவே இருந்தது. தொரப்பள்ளிக் கிராம முன்சீபின் மகனாக 1878-இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் படித்துவிட்டுப் பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்குச் சென்றவர். அவ்வாறு செல்ல இயன்றவை உத்தியோகத் தொடர்போ நிலபுலமோ உள்ள சில குடும்பங்களே. மானாவாரியில் கேழ்வரகும் சாமையும் கொள்ளும் விளைத்துப் பசியாறிய பெரும்பாலான குடிகளுக்குப் பரீட்சையைப் பற்றிய கவலையே கிடையாது. மழையைப் பற்றிய கவலையே அவர்கள் கவலை.

1965 அக்டோபர் 2-ஆம் நாள் சேலத்தினின்று பிரிந்து தர்மபுரி தனி மாவட்டமாயிற்று. அதே ஆண்டில் அரசு கலைக் கல்லூரியும் தொடங்கிற்று. கல்லூரி வீட்டருகே வந்ததன் விளைவு நன்மையே என்பதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஒரு விசேஷமும் உண்டு. பெங்களூருக்கோ சென்னைக்கோ போன முந்திய தலைமுறை மாணவன், ஊரின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் தவறவும் தேறவும் சற்றே சுதந்திரம் பெற்றிருந்தான். பென்னாகரத்திலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் அரூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து மாலையில் வீடு திரும்பிய புதிய மாணவனோ, விடியலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வகுப்பில் அமர்ந்து பொருளாதார சித்தாந்தம் கேட்டு, இரவில் அதே திண்ணையிற் படுத்து, தன் படிப்புக்காக அடகு வைத்த தாயின் நகையைப் பற்றிய பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணயர வேண்டியவனானான். அவன் எழுதிய பரீட்சையை அந்த வீடே எழுதிற்று. அவன் தோற்றால் தோற்றதும் அந்த வீடே.

இந்த நிலையை அரசாங்கமே பிற்காலத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது எனலாம். பட்டதாரியே இல்லாத குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஒரு பிள்ளை தொழிற்கல்வியில் சேர்ந்தால் அவனுக்குக் கல்விக் கட்டணம் தள்ளுபடி என்ற சலுகை 2010-இல் வந்தது. அதற்கு வருவாய்த் துறையில் ‘முதல் பட்டதாரிச் சான்றிதழ்’ வாங்கவேண்டும். பாட்டன் பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தார் ஒருவரும் பட்டம் பெறவில்லை என்று காட்டினாலன்றி அது கிடைக்காது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே கிடைக்கும். உபகாரமான ஏற்பாடுதான், எத்தனையோ பேர் அதனால் படித்தார்கள். ஆயினும் மூன்று தலைமுறையின் கல்லாமையைச் சாட்சியாக வைத்து, அதைப் போக்க வந்தவன் நீயே என்று பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரை எழுதித் தரும் அந்தத் தாள் எத்துணைக் கனமானது என்பதை, அதை வாங்கியவர்களே அறிவார்கள். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டமாகத் தர்மபுரி நின்றது, விகிதம் 68.54. அத்தகைய மாவட்டத்தில் அந்தச் சான்றிதழுக்கு உரியவர்கள் எவ்வளவு பேர் என்று தனியே சொல்லவேண்டுவதில்லை.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. பிறந்த பெண் சிசுவைக் கொல்லும் கொடுமையைத் தடுக்கத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கி, 2001-இல் தர்மபுரிக்கும் விரிவாக்கப்பட்டது. அவ்வாண்டு பிறந்த பெண் 2019-இல் கல்லூரி வாயிலில் நின்றிருப்பாள். பிறப்பே விவாதத்துக்குள்ளான ஒரு சந்ததி, பட்டப்படிப்புக்கு வந்து சேர்ந்த வேகம் ஆச்சரியப்படத்தக்கது. ஆனால் அவளுக்குக் கல்லூரி என்பது பெரும்பாலும் விவாகத்துக்கு முன் வீட்டார் அளித்த தவணையே. தாய்மாமன் உரிமையும் அத்தை மகன் முறையும் அவள் பாடப்புத்தகத்தின் ஓரத்திலேயே காத்திருக்கும். ‘படிச்சது போதும்’ என்ற இரண்டு சொல்லுக்கு அஞ்சி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் முதல் வகுப்பில் தேறும் பெண்கள் எத்தனை பேர்! ஆசிரியர்கள் அவர்களை ‘அடக்கமான பிள்ளைகள்’ என்பார்கள். அந்த அடக்கத்தில் பாதி பயம் என்பது என் அபிப்பிராயம்.

ஜாதி கடந்த நேசமோ பயத்தின் எல்லையையும் கடந்தது. செவிலியர் படிப்பு மாணவி ஒருத்தியும் வேற்று ஜாதி இளைஞன் ஒருவனும் மணந்துகொண்டதைத் தொடர்ந்து, பெண்ணின் தந்தை உயிரை மாய்த்துக்கொள்ள, 2012 நவம்பர் 7-ஆம் நாள் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. மறு ஆண்டு ஜூலையில் அந்த இளைஞன் ரயில் தண்டவாளத்தருகே பிணமாகக் கிடந்தான். இருவர் மனத்துக்குள் நிகழ்ந்த ஒன்றுக்கு மூன்று குடியிருப்புகள் விலை கொடுத்த பிறகு, அம்மாவட்டத்துப் பிள்ளைகள் தங்கள் வியாகூலத்தை வீட்டில் வாய்விட்டுச் சொல்லுவார்கள் என்று எதிர்பார்ப்பது எப்படி?

சொல்லாவிட்டாலும் உடம்பு காட்டிக்கொடுத்துவிடும். உண்ணாமலும் உறங்காமலும் பிள்ளை ஒடுங்கினால், வீட்டார் முதலில் காண்பது நோயையன்று. காற்று கருப்பை, கண்ணேற்றை, மறந்துபோன குலதெய்வத்தின் கோபத்தை. விபூதி மந்திரிப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள். அதியமான்கோட்டைக் காலபைரவர் சந்நிதியில் தேய்பிறை அஷ்டமியன்று பூசணியில் விளக்கேற்றுவார்கள். சற்றே வசதியுள்ளவர்கள் சோளிங்கபுரம் மலையேறுவார்கள். இதைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. பிள்ளையைக் குற்றவாளியாக்காமல் பழியை வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றன் மேல் போட்டு, வீட்டார் அனைவரையும் அவனைச் சுற்றி உட்காரவைக்கும் ஒரு கருணை அச்சடங்குகளில் உண்டு. ஆனால் சிகிச்சைக்குரிய காலம் அதிலே கழிந்துவிடுவதும் உண்மை. நம்பிக்கையைச் சங்கிலியாக்கிய இடங்களும் உண்டு. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் மனநோயாளிகளின் விடுதியொன்றில் தீப்பற்றியபோது, கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் வெந்து மாண்டதை நாடு மறந்திருக்காது.

வைத்தியமோ தர்மபுரிக்கு அத்துணைத் தூரத்தில் இல்லை. ஒரு பக்கம் பெங்களூரில், 1954-இல் அகில இந்திய மனநல ஸ்தாபனமாகத் தோன்றி 1974-இல் நிம்ஹான்ஸ் ஆன மருத்துவமனை. மாவட்டத்தின் ஜனங்கள் கட்டட வேலைக்கும் அந்த நகரத்துக்கே பஸ் ஏறுகிறார்கள். வேலைக்குப் போவதை ஊரறியச் சொல்லுவோர், அந்த ஆஸ்பத்திரிக்குப் போவதை மட்டும் உறவினர் வீட்டு விசேஷம் என்பார்கள். பின்னால் வரன் பார்க்கவேண்டுமல்லவா? மற்றொரு பக்கம் வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் பாகாயத்தில் 1950-களில் தொடங்கிய மனநல நிலையம். அங்கே நோயாளியோடு அவன் வீட்டாரும் தங்கவேண்டும் என்பது ஆதிமுதலான ஏற்பாடு. வைத்தியர் மகனிடம் பேசுவதைப் போலவே தாயிடமும் தந்தையிடமும் பேசுவார். ஏறக்குறைய அதே காலத்தில் அமிர்தசரஸில் வித்யா சாகர் என்ற மருத்துவர், நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரங்களில் தங்கவைத்து இம்முறையைக் கையாண்டிருந்தார். குடும்பத்தை விலக்கியன்று, உட்படுத்தியே மனத்தைத் தேற்றவேண்டும் என்ற அந்த எளிய யோசனை, நமக்கு எட்டும் தூரத்திலே எழுபதாண்டாய்ப் புழங்கிவந்தும் நம் கலாசாலைகளின் காதில் விழவில்லை.

அண்மைக் காலத்தில் சட்டமும் கை கொடுத்திருக்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் கூறுகிறது; ஆயினும் போலீஸ் பயமும் ஊர்ப்பேச்சும் நீங்காமையால், எத்தனையோ துயரங்கள் ‘தீராத வயிற்றுவலி’ என்றே இன்னும் பத்திரிகைக்கு வருகின்றன. 2022-இல் மனநல உதவிக்கென 14416 என்ற தொலைபேசி எண் வந்தது; எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். நல்ல சாதனமே. ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் உறங்கும் வீட்டில் அந்த எண்ணை எங்கே நின்று அழைப்பது என்பதை மாணவன்தான் யோசித்துக்கொள்ளவேண்டும்.

நம் கல்லூரிகளில் பெற்றோர் காலெடுத்து வைப்பது சேர்க்கையன்று ஒரு முறை. பிறகு புகார் எழுந்தாலோ, வருகைப் பதிவு குறைந்தாலோ, கைகட்டி நிற்க ஒரு முறை. பருவத்துக்கொரு நாளேனும், குற்றம் சாட்டாமல், கட்டணம் கேட்காமல், அந்தக் கேழ்வரகுக் கொல்லைக்காரரையும் கட்டட மேஸ்திரியையும் நாற்காலி போட்டு உட்காரவைத்து, உங்கள் பிள்ளை சரியாக உறங்குகிறானா, உங்களோடு பேசுகிறானா என்று கேட்கும் வழக்கத்தைத் தொடங்க எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. பாகாயத்தில் அதைச் செய்கிறவர்களைப் போய்ப் பார்த்து வர ஒரு நாள் பஸ் பிரயாணமே போதும்.