டீசல் கியூவில் இல்லாதவர்கள்

நல்லதண்ணிக்கு டீசல் எப்படி வந்து சேருது? கப்பலில் வருது, கொலன்னாவையில் இறங்குது, அங்கிருந்து ரயில் டாங்கியிலும் பவுசரிலும் மலை ஏறுது. கொட்டகலையில் ரயில் பாதையை ஒட்டியே ஒரு எண்ணெய்க் களஞ்சியம் உண்டு. பிறகு ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, மவுசாக்கலை நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகிற ரோடு. சிவனொளிபாதமலைக்குப் போகிற வான்காரர் பெற்றோல் செட்டில் "புல் டாங்க்" என்று சொன்னால் சில நிமிசத்தில் வேலை முடிந்துவிடும். அந்தச் சில நிமிசம் 2022இல் மூன்று நாளாக நீண்டபோதுதான் நம்மில் பலர் அந்தப் பம்பை முதல் தடவையாக உற்றுப் பார்த்தோம்.

பம்பின் மேலே இருக்கிற பெயருக்கே ஒரு சண்டைக் கதை இருக்கு. 1961க்கு முன் இந்த நாட்டில் எண்ணெய் விற்றது ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் என்ற மூன்று வெளிநாட்டுக் கம்பனிகள். சிறிமாவோ அரசாங்கத்தில் அமைச்சராக இருந்த டி.பி. இலங்கரத்ன சோவியத் பக்கமிருந்து மலிவாக எண்ணெய் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டார். 1961இல் 28ஆம் இலக்கச் சட்டத்தில் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. அடுத்த வருசமே கம்பனிகளின் செட்டுகளில் ஒரு பங்கை அரசு எடுத்துக்கொண்டது. நட்டஈடு இழுபட, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. ஹிக்கன்லூப்பர் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டம் முதன்முதலில் பாய்ந்தது நம் சின்னத் தீவின் மேலேதான். 1964 தொடக்கத்தில் விநியோகம் முழுக்கக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 1965இல் ஆட்சி மாறியதும் டட்லி அரசாங்கம் நட்டஈட்டுக்கு ஒத்துக்கொண்டது. 1969இல் சபுகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் ஓடத் தொடங்கியது. 2003இல் இந்தியன் ஒயில் வந்தது. பாடப்புத்தகத்தில் இதெல்லாம் ரெண்டு வரிக்கு மேல் இருக்காது.

ஆனால் லயத்துக்குள் எண்ணெய் என்றால் டீசல் இல்லை, மண்ணெண்ணெய். நம்ம வீட்டுக் கிழவிகள் இன்னும் லாம்பெண்ணெய் என்றுதான் சொல்வார்கள். கரண்டு வராத காலத்தில் குப்பி லாம்பில் எரிந்தது அதுதான். 1979இல் ஜே.ஆர். அரசாங்கம் பழைய ரேசன் முறையை விட்டுவிட்டு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உணவு முத்திரையும் மண்ணெண்ணெய் முத்திரையும் கொடுத்தது. யார் ஏழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வருமானத்தைக் கேட்டார்கள். கிராமத்தில் ஒருவர் தன் வருமானத்தைத் தானே சொல்லலாம், கொஞ்சம் குறைத்தும் சொல்லலாம். தோட்டத்தில் அது நடக்காது. செக்ரோலில் ஒவ்வொரு நாள் பேரும் ஏறியிருக்கு. புருசன், பெண்சாதி, வேலைக்குப் போகிற பிள்ளை எல்லாரின் சம்பளத்தையும் கூட்டினால் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். பெரும்பாலான தோட்டக் குடும்பங்கள் முத்திரை இல்லாமல் நின்றன. கணக்கு ஒழுங்காக இருந்ததே அவர்களுக்கு வினையாகிப் போச்சு.

இதை மனதில் வைத்துக்கொண்டு 2022க்கு வருவோம். டொலர் தீர்ந்தது. மார்ச் ஆரம்பத்தில் 121 ரூபாவாக இருந்த ஓட்டோ டீசல் லீற்றர், ஜூன் 26இல் 460 ரூபா. மார்ச்சில் கியூவில் நின்ற முதியவர்கள் செத்துப்போக, செட்டுகளுக்கு ராணுவம் வந்தது. ஏப்ரல் 19இல் றம்புக்கனையில் எரிபொருள் கேட்டு நின்ற கூட்டத்தின் மேல் பொலிஸ் சுட்டதில் ஒருவர் இறந்தார். ஜூன் 27இல், அத்தியாவசிய சேவை தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள்.

மலைநாட்டில் டீசல் கியூ தனி ரகம். டாங்கி சுத்தமாக வற்றினால் பைப்புக்குள் காற்றுப் போய்விடும். பெற்றோல் வண்டி மாதிரி ஊற்றியவுடன் ஸ்டார்ட் ஆகாது, ஹேண்ட் பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அதனால் கடைசி ஒரு லீற்றரை யாரும் விடமாட்டார்கள். கியூ நகர்ந்தால் என்ஜினைப் போடாமல் தள்ளுவது, இறக்கமாக இருந்தால் பிரேக்கை விட்டு உருளவிடுவது. ஏற்றம் வந்தால்தான் ஆள் தேவை. பின்னால் நிற்கிறவன் முன்னால் நிற்கிறவனுக்குத் தோள் கொடுப்பான்.

ஜூலையில் கியூஆர் முறை வந்தது. வாகன இலக்கமும் செசி நம்பரும் கொடுத்துப் பதிந்தால் வாரத்துக்கு மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5, வானுக்கு 20. இலக்கத்தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்து நாள் பிரித்தார்கள். நியாயமாகச் சொன்னால், இந்த முறை வேலை செய்தது, கியூ கரைந்தது. ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழும்பிலிருந்து நல்லதண்ணிக்குப் போய்வர 280 கிலோமீற்றர் போல. லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு வாரக் கோட்டாவில் வான் போய்த் திரும்பாது. உந்துவப் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் வருகிற யாத்திரீகர்களை நம்பித்தான் நல்லதண்ணியில் கடை, ஆட்டோ, தங்குமிடம் எல்லாம் ஓடுது. சட்டிபானையோடு வந்து ரோட்டோரம் சமைத்துச் சாப்பிடும் அந்த நடே கூட்டங்கள் வராவிட்டால் இங்கே அரை வருசம் இருட்டு. அதே காலத்தில் வெளிநாட்டு உல்லாசப் பயணிகளுக்கு வெளிநாட்டுக் காசில் நிரப்பத் தனிப் பாஸ் வந்தது. நாட்டுக்கு டொலர் வேணும், விளங்குது. இருந்தாலும் பக்கத்தில் நிற்கிற உள்ளூர் ஆட்டோக்காரர் அதை எப்படிப் பார்த்திருப்பார்!

எங்களுக்கு இதைவிடப் பெரிய கேள்வி வேறு. கியூஆர், வாகனத்தைத்தான் ஆளாக எண்ணியது. நம்ம லயங்களில் எத்தனை வீட்டுக்கு வாகனம் இருக்கு? அவர்கள் அந்தக் கியூவிலேயே இல்லை. ஆனால் கியூவின் பாதிப்பு முழுக்க அவர்கள் மேல் விழுந்தது. கொழுந்து லொறிக்கு டீசல் இல்லையென்றால் பறித்த கொழுந்து சாக்கிலேயே சூடேறிக் கெட்டுவிடும். மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை கரண்டு இல்லை, பெக்டரி ஜெனரேட்டருக்கும் டீசல்தான். 2021இன் உரத்தடை ஏற்கனவே செடியை வாட்டியிருந்தது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோ இருந்த தேயிலை, 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது.

2022 ஆகஸ்ட் 21 நள்ளிரவோடு மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. 2021 மார்ச்சில் போராடி வாங்கிய நாட்சம்பளம் 1,000 ரூபா, அதில் மூன்றில் ஒரு பங்கு ஒரு லீற்றருக்கே போனது. காஸும் கிடைக்காத நேரம். மலையில் கொழுந்தெடுத்து இறங்குகிறவர்கள் தலையில் விறகும் சேர்ந்தது. மீனவர்கள் ரோட்டில் இறங்கினார்கள், செய்தியில் வந்தது. லயத்து அடுப்பு செய்தியில் வரவில்லை.

கியூஆர் 2023 செப்டம்பர் 1இல் முடிந்தது. பலர் ஸ்டிக்கரை இன்னும் கண்ணாடியிலிருந்து உரிக்கவில்லை. உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியில் 1979இன் முத்திரை ஒன்றாவது கிடக்குதா, அல்லது அது வரவே இல்லையா என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். வரவில்லை என்றாலும் எழுதுங்கள், தோட்டத்தின் பெயரோடு.