கோல் யார் கையில்?

திருவில்லிபுத்தூர்க் கோபுரத்தின் நிழலில் மார்கழிதோறும் பாடப்படும் திருப்பாவை, உலகை அளந்த திருமாலைப் புகழ்கிறது. மூன்றடி மண் கேட்டு மூவுலகையும் வளைத்துக்கொண்ட கதை அது. கதை கிடக்கட்டும். சோழர் காலத்தில் நிலம் அளந்த கோலுக்கு இட்ட பெயர் என்ன, தெரியுமா தோழர்களே? உலகளந்த கோல்! ஒரு கழிக்குக் கடவுளின் பெயர். கழியைக் குறை கூறலாம். கடவுளை யார் குறை கூறுவது?

பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பாண்டிய நாட்டிலே சுந்தர பாண்டியன் கோல் எனக் கல்வெட்டுகள் பல கோல்களைப் பேசுகின்றன. கோயிற் சுவர்களில் கோலின் நீளத்தை வெட்டியும் வைத்தனர். ஏன் இத்தனை முன்னெச்சரிக்கை? ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்டது ஒரு குழி. தஞ்சைப் பகுதியில் 12 அடிக் கோல். குழி 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 6.61 ஏக்கர். செங்கற்பட்டுப் பகுதியிலோ 24 அடிக் கோல்; குழி 576 சதுர அடி. பெயர் ஒன்று, நிலம் நான்கு மடங்கு! காணியின் கதை இன்னும் வேடிக்கை. வேலியில் எண்பதில் ஒரு பங்கு என்றால் 3,600 சதுர அடி. செங்கற்பட்டுக் காணியோ 57,600 சதுர அடி.

இதனால் என்ன கேடு என்பீர்கள். 12 அடிக் கோலை ஒருவன் 11 அடியாகக் குறைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது ஓர் அடிதான். ஆனால் நேற்று நூறு குழியாயிருந்த வயல் இன்று 119 குழி! குழிக்கு இவ்வளவு என்று வரியிருந்தால், ஒரு பிடி மண்கூடக் கூடாத வயலுக்குப் பத்தொன்பது குழி வரி கூடும். ஊழியத்துக்கு ஈடாக நிலம் விடும்போதும் அதே குட்டைக் கோல்தான் கொடுப்பவனுக்கு இலாபம்.

இராசராசன் காலத்துக் கல்வெட்டுகளில் ஒரு வேலியின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கு உண்டு என்று மேடைகளில் மார்தட்டுகிறோம். நானும் தட்டியவன்தான். தஞ்சை வேலியை வைத்து வகுத்துப் பார்த்தேன். அரைச் சதுர மில்லிமீட்டர் வந்தது. அதை எந்தக் கோலும் அளந்திருக்க முடியாது. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கிய ஏட்டுக்கணக்கு அது. கணக்கர் வல்லவர், ஐயமில்லை. ஏர் பிடித்தவன் அதைச் சரிபார்த்திருக்க முடியுமா?

1789இல் பிரெஞ்சு உழவர்கள் மன்னனிடம் அளித்த முறையீடுகளில், பிரபுவுக்கொரு படி, ஊருக்கொரு அளவு என்ற கொடுமையை ஒழிக்கக் கோரினர். 1795இல் அங்கே மீட்டர் சட்டமாயிற்று. இங்கே 66 அடிச் சங்கிலியை வெள்ளையன் கொண்டுவந்தான், அதுவும் வரிக்காகத்தான். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். மெட்ரிக் முறைக்கான இந்தியச் சட்டம் 1956இல் வந்தது.

இராசபாளையத்தில் என் மாணவன் ஒருவன் பாட்டன் காலத்துப் பத்திரம் கொண்டுவந்தான். 'இரண்டு கோட்டை விதைப்பாடு' என்றிருந்தது. திருவில்லிபுத்தூர் வட்டம் 1910 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்தது. அந்தச் சீமை வழக்கு இது. கோலே இல்லை, இரண்டு கோட்டை நெல் விதைக்கும் நிலம், அவ்வளவே. நெருக்கி விதைத்தால் ஒரு பரப்பு, கலக்க விதைத்தால் வேறு பரப்பு. "எத்தனை ஏக்கர், சார்?" என்றான். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

மறுநாள் பட்டாவின் நகலோடு வந்தான். அதில் ஹெக்டேரும் ஏரும் இருந்தன. ஏர் ஒன்றுக்கு 2.47 சென்ட் என்று பெருக்கினான். பிறகு, நான் சொல்லாமலே, முதலிலிருந்து மறுபடி ஒருமுறை போட்டுப் பார்த்தான்.